பிஸ்டன் ஓடும் விதம்: வகுப்பிலும் பட்டறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் மாலை வேளைகளில் இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில்லாத நேரத்தில் மைத்துனரின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருப்பேன். இரண்டு இடத்திலும் பிஸ்டனைப் பற்றி வரும் சந்தேகங்கள் ஒன்றேதான். வகுப்பில் ‘சார்’ என்று தொடங்கும், பட்டறையில் ‘அண்ணே’ என்று தொடங்கும். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே இஞ்சின்: யமஹா ஒய்15இசட்ஆர், அதாவது நம் பையன்களின் ‘ஒய்சூக்கு’. போர் 57 மி.மீ., ஸ்ட்ரோக் 58.7 மி.மீ., 149.8 சிசி. 8,500 ஆர்.பி.எம்.-இல் (நிமிடத்துக்கு 8,500 சுற்று) ஓடுவதாகக் கணக்கு. இரண்டு எண்கள் மட்டும் நான் வைத்துக்கொண்டவை: கான்ராட் (பிஸ்டனையும், கிராங் எனும் சுற்றும் தண்டையும் இணைப்பது) நீளம் கிராங் ஆரத்தைப் போல் 3.5 மடங்கு (சிறிய இஞ்சின்களில் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும்); பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்த்து 150 கிராம். உங்கள் வண்டியில் எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், போக்கு இதேதான்.

சார், எப்படியும் சக்கரம் சுற்றத்தானே வேண்டும்? பிறகு எதற்கு மேலும் கீழும் போகிற ஒன்று? நேராகச் சுற்றவே வைக்கலாமே?

வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். வாங்கல் இஞ்சினில் முக்கோண ரோட்டர் சுற்றுகிறது, மாஸ்டா ஆர்.எக்ஸ்-7 அப்படி ஓடிய கார்தான். அதில் தலைவலி காற்றுக்கசிவு. ரோட்டரின் மூன்று முனைகளிலும் வாயு ஒழுகாமல் அடைப்பது பெரும்பாடு.

பிஸ்டனில் அந்தப் பாடு இல்லை. வட்டக் குழாய்க்குள் வட்ட மூடி, அதைச் சுற்றி ரிங். இதைவிட எளிதாக அடைக்கக்கூடிய வடிவம் கிடையாது. அதற்கு விலையாகத்தான் இந்தப் போக்குவரத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். கீழே வரும் கேள்விகள் பாதிக்கு மேல் அந்த விலையைப் பற்றியவை.

போர், ஸ்ட்ரோக், கிராங் ஆரம் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன்.

போர் என்பது சிலிண்டரின் உள்விட்டம். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை போகும் தூரம். கிராங் ஆரம் என்பது கிராங்கின் நடு அச்சிலிருந்து கான்ராட் மாட்டியிருக்கும் பின்னின் நடு வரை உள்ள தூரம். பின் ஒரு வட்டம் போடுகிறது, அந்த வட்டத்தின் விட்டமே ஸ்ட்ரோக். ஆகவே ஒய்சூக்கின் கிராங் ஆரம் 58.7-இல் பாதி, 29.35 மி.மீ.

பிஸ்டன் உண்மையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது?

சராசரி வேகத்துக்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு சுற்றுக்கு ஒரு தரம் இறங்கி ஒரு தரம் ஏறுகிறது, அதாவது இரண்டு ஸ்ட்ரோக். 58.7 மி.மீ.-ஐ இரண்டால் பெருக்கி 8,500-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 998 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்! பினாங்குப் பாலத்தின் மொத்த நீளமான 13.5 கிலோமீட்டரை அந்தப் பிஸ்டன் பதினாலு நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

நொடிக்கு 16.6 மீட்டர், மணிக்கு 60 கிலோமீட்டர். கேட்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் 58.7 மி.மீ. இடத்துக்குள் நிமிடத்துக்கு 17,000 தடவை நின்று திரும்பிக்கொண்டே அந்த வேகத்தை எடுக்கிறது. இடையில் எட்டும் உச்ச வேகம் நொடிக்கு 27 மீட்டர், மணிக்கு 98 கிலோமீட்டர். இது எங்கே வருகிறது என்பதை அடுத்த கேள்விக்குப் பிறகு பார்ப்போம்.

மேலே போனதும் பிஸ்டன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தானே இறங்கும்?

நிற்கும், ஆனால் ‘கொஞ்ச நேரம்’ இல்லை. வேகம் பூஜ்யமாவது ஒரு கணம் மட்டும். அதற்கு முன் ஏறிக்கொண்டிருந்தது, அதற்குப் பின் இறங்கிக்கொண்டிருக்கிறது. மேல் முனைக்கு அருகில் கிராங் பல பாகை திரும்பினாலும் பிஸ்டன் கொஞ்சம்தான் நகரும். ஃபிளைவீலை (கிராங்கோடு சுற்றும் கனத்த சக்கரத்தை) கையால் திருப்பிப் பார்ப்பவருக்கு அது நின்றதுபோல் தெரியும். மேல் முனை தாண்டி 15 பாகை திரும்பிய பிறகும் பிஸ்டன் இறங்கியிருப்பது 1.3 மி.மீ.தான்.

வேகம் பூஜ்யம் என்றதும் ‘அங்கே பிஸ்டனுக்கு ஓய்வு’ என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அதுதான் தப்பு. வேகம் பூஜ்யமான அதே இடத்தில்தான் முடுக்கம் உச்சம். ஏறிக்கொண்டிருந்ததை நிறுத்திக் கீழே இழுக்க வேண்டியிருப்பதால், கான்ராட் மிகக் கடுமையாக வேலை செய்யும் இடம் அதுதான்.

கிராங் கால் சுற்று சுற்றினால் பிஸ்டன் சரியாகப் பாதி வழியில் இருக்குமா?

இருக்காது, பாதியைத் தாண்டியிருக்கும். 90 பாகையில் ஒய்சூக்கின் பிஸ்டன் 33.6 மி.மீ. இறங்கியிருக்கும். பாதி என்பது 29.35. கூடுதலாக நாலு மில்லிமீட்டருக்கு மேல் எங்கிருந்து வந்தது?

சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியைப் பக்கவாட்டில் இழுத்தால் மேல் நுனி இறங்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் இறங்கத்தான் செய்யும். கான்ராட் அந்த ஏணி. கிராங் பின் மேலிருந்து புறப்படும்போது இரண்டு காரியம் செய்கிறது: தானும் இறங்குகிறது, பக்கவாட்டிலும் விலகுகிறது. இறங்குவது பிஸ்டனை இறக்குகிறது, விலகுவதும் இறக்குகிறது. 90 பாகை தாண்டியதும் பின் இறங்கிக்கொண்டே மறுபடி நடுக்கோட்டுக்கு வருகிறது. இப்போது ஏணி நிமிர்வதால் பிஸ்டன் மேலே தள்ளப்படுகிறது, இறக்கத்தில் கொஞ்சம் குறைகிறது.

ஆகவே மேல் பாதி அவசரம், கீழ் பாதி சாவகாசம். பிஸ்டன் பாதி வழியை அடைவது ஏறக்குறைய 82 பாகையில். ஒரு முழுச் சுற்றில் 164 பாகை மேல் பாதியிலும் 196 பாகை கீழ் பாதியிலும் கழிகிறது. உச்ச வேகமும் இதே காரணத்தால் நடுவில் வராது. கான்ராடும் கிராங்கும் ஏறக்குறைய செங்கோணமாக நிற்கும் இடத்தில், நமது இஞ்சினில் 75 பாகை சுமாருக்கு வரும்.

சும்மா சொல்லாதீங்க அண்ணே, கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) கழற்றிய பிளாக் (சிலிண்டர் உள்ள பகுதி) ஒன்று, பிஸ்டனும் கிராங்கும் மாட்டியபடி, மேசையில் இருந்தால் போதும். பள்ளிக்கூடப் பாகைமானியை ஃபிளைவீல் பக்கம் ஒட்டி, ஒரு கம்பித் துண்டை முள்ளாக வளைத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பரின் பின்னாலிருந்து நீளும் ஆழக்கம்பியால் பிளாக்கின் மேல் விளிம்பிலிருந்து பிஸ்டன் தலை வரை அளக்கலாம்.

மேல் முனையிலிருந்து 30 பாகை திருப்பி அளந்தால் கணக்குப்படி 5 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். கீழ் முனையிலிருந்து 30 பாகை திருப்பினால் 2.9 மி.மீ.தான் ஏறியிருக்க வேண்டும். ஒரே 30 பாகை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். பிஸ்டன் தலையின் ஒரே புள்ளியில் கம்பியை வையுங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் லேசாகச் சாய்வதே அளவை மாற்றிக் காட்டி ஏமாற்றிவிடும். மேல் முனையைக் கண்ணால் நிதானிப்பதும் கடினம். முனைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆழம் காட்டும் இரண்டு கோணங்களைக் குறித்து, நடுவை எடுங்கள்.

சிலர் ஸ்பார்க் பிளக் ஓட்டைவழி சாத்தே குச்சியை விட்டுப் பார்க்கிறார்கள். கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) ஹெட்டில் பிளக் சாய்வாக இருக்கும், அளவு சரியாக வராது. குச்சி உள்ளே ஒடிந்தால் அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

அப்படியானால் தேர்வில் இதைத் தனிச்சீரிசை இயக்கம் என்று எழுதலாமா?

‘தோராயமாக’ என்ற சொல்லைச் சேர்த்தால் எழுதலாம். கான்ராட் முடிவில்லா நீளமாக இருந்தால் சாய்வே இராது, பிஸ்டன் அசல் தனிச்சீரிசையில், அதாவது மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றுபோலச் சீராக, ஓடும். நிஜ கான்ராட் குட்டையானது, அதனால் அடிப்படை இயக்கத்தின் மேல் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் இன்னொரு சிறிய இயக்கம் ஏறிக்கொள்கிறது. முடுக்கத்தில் அதன் பங்கு கிராங் ஆரத்தைக் கான்ராட் நீளத்தால் வகுத்தது, இங்கே 0.29 சுமார். இந்த 0.29-ஐ மறந்துவிடாதீர்கள், மைவி கார் கேள்வியில் மறுபடி வருகிறது.

உச்ச முடுக்கம் என்றீர்களே, எவ்வளவு?

மேல் முனையில் முடுக்கம் = கிராங் ஆரம் × கோண வேகத்தின் வர்க்கம் × (1 + 0.29). கீழ் முனையில் அடைப்புக்குள் கூட்டல் இருக்கும் இடத்தில் கழித்தல். 8,500 ஆர்.பி.எம். என்பது நொடிக்கு 890 ரேடியன். பெருக்கினால் மேல் முனையில் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 3,050 மடங்கு, கீழ் முனையில் 1,690 மடங்கு.

150 கிராம் பொருளை 3,050 மடங்கில் இழுக்க வேண்டிய விசை 450 கிலோ எடைக்குச் சமம். கையில் வைத்தால் பாரமே தெரியாத அலுமினியத் துண்டு அது. அதை மேல் முனையில் திருப்புவதற்கு நாலு மோட்டார் சைக்கிளைத் தொங்கவிட்ட அளவுக்குக் கான்ராட் இழுபடுகிறது, நொடிக்கு 141 தடவை.

இஞ்சின் நேராக நிற்கும் வண்டியில், பிஸ்டன் இறங்கும்போது அதன் சொந்த எடையும் உதவும்தானே?

150 கிராம் உதவும். மேலே சொன்ன 450 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதே காரணத்தால்தான் ஈ.எக்ஸ்5 மாதிரி சிலிண்டர் படுத்திருக்கும் கப்சாயில் ‘பிஸ்டன் எடையால் கீழ்ப்பக்கம் தேய்கிறது’ என்று சொல்வதும் நிற்காது. தேய்மானத்துக்கு வேறு காரணம் உண்டு, கீழே வருகிறது.

வெடிப்பு கொடுக்கிற அடியில்தான் கான்ராட் உடையுது, சரியா?

பட்டறையில் அதிகம் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் சரியில்லை. முதலில், நல்ல இஞ்சினில் நடப்பது வெடிப்பு இல்லை, தீச்சுடர் பரவி எரிவது. முழு த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால்) உச்ச அழுத்தம் 60 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு) என்று வைத்தால் 57 மி.மீ. பிஸ்டன் மேல் ஒன்றரை டன் அழுத்துகிறது. 450 கிலோவைவிட அது மிக அதிகம், உண்மைதான். ஆனால் அது கான்ராடை நசுக்கும் விசை. குட்டையான கெட்டி எஃகுத் தண்டு நசுக்கலை நன்றாகத் தாங்கும். அதே நேரம் பிஸ்டனின் நிலைமம் மேல்நோக்கி இழுப்பதால், நசுக்கலில் 450 கிலோ கழிந்தும் விடுகிறது.

நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை மேல் முனைக்கு வருகிறது. ஒன்றில் எரிதல். மற்றதில் புகையை வெளியே தள்ளி முடித்து, புதுக்காற்றை இழுக்கத் தொடங்குகிறது. இந்த இரண்டாவதில் பிஸ்டன் தலைக்கு மேல் தடுக்க ஒன்றும் இல்லை. நிலைமம் முழுவதும் இழுவையாகக் கான்ராட் மீது விழுகிறது. கார் இஞ்சினில் கான்ராட் போல்ட் அறுவது இப்படித்தான்: நசுக்கல், இழுவை, நசுக்கல், இழுவை என்று மாறி மாறிக் களைத்துப்போன உலோகம் ஒரு இழுவையில் விட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. எரிதல் விசை த்ராட்டிலைப் பொறுத்தது. இழுவை விசையோ ஆர்.பி.எம்.-இன் வர்க்கத்தில் ஏறும். 8,500-இல் 450 கிலோ என்றால் 12,000-இல் 900. சுற்று நாற்பது சதவீதம்தான் கூடியது, இழுவை இரட்டிப்பாகிவிட்டது.

லிமிட்டர் இருக்கே, பிறகு எப்படி 12,000 போகும்?

லிமிட்டர் ஸ்பார்க்கையோ பெட்ரோலையோ வெட்டும். இஞ்சின் தானாக ஏறுவதைத் தடுக்க அது போதும். பின்சக்கரம் இஞ்சினைச் சுற்றினால் அதற்கு எதுவும் செய்யத் தெரியாது.

ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் பூலாவ் பக்கம் இறங்கும் வளைவுகளில், பிரேக்கை நம்பாமல் படபடவென்று இரண்டு கியரைக் குறைத்துக் கிளட்சை விடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் த்ராட்டில் மூடி இருக்கிறது, ஆகவே சிலிண்டரில் வாயு அழுத்தமும் குறைவு. முந்தைய பதிலில் சொன்ன ‘தடுக்க ஒன்றும் இல்லாத’ நிலை இப்போது இன்னும் மோசம். சுற்றும் எல்லை மீறிப் போகிறது. வால்வு ஸ்பிரிங் பின்தங்கி வால்வும் பிஸ்டனும் மோதுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு ஒரு கியராகக் குறைப்பதற்கு இயற்பியல் காரணம் இதுதான்.

ஓடுகிற பிஸ்டனை நிறுத்தி மறுபடி ஓட்டுவதில் ஆற்றல் வீணாகிறதே சார்?

நல்ல மாணவர்கள்தான் இதைக் கேட்பார்கள். உச்ச வேகத்தில் பிஸ்டனின் இயக்க ஆற்றல் 55 ஜூல். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் அது பூஜ்யமாகிறது. பிரேக் போட்டு நிறுத்தினால் அத்தனையும் வெப்பமாகிப் போயிருக்கும். இங்கே நிறுத்துவது கிராங். பிஸ்டன் வேகம் இழக்கும்போது கான்ராட் வழியாக கிராங்கைத் தள்ளுகிறது, ஆற்றல் ஃபிளைவீலுக்குப் போகிறது. திரும்பி ஓடும்போது ஃபிளைவீல் வாங்கிய கடனைத் திரும்பக் கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிடும்.

வீணாவது உராய்வில். விசை அதிகமானால் பேரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் உராய்வு அதிகம் என்பதால், மறைமுகமாகக் கொஞ்சம் இழப்பு உண்டு.

90 பாகையில்தான் நெம்புகோல் நீளம் அதிகம். அங்கே எரித்தால் முறுக்குவிசை பிய்த்துக்கொண்டு வராதா?

கேள்வியின் முதல் பாதி சரி. மேல் முனையில் கான்ராடும் கிராங்கும் ஒரே கோட்டில் இருக்கின்றன. ஒன்றரை டன் அழுத்தினாலும் கிராங் திரும்பாது, பேரிங்தான் அழுத்தப்படும். செங்கோணத்துக்கு அருகில்தான் முழு நெம்பு கிடைக்கிறது.

ஆனால் அதற்குள் பிஸ்டன் 33.6 மி.மீ. இறங்கிவிட்டது. ஒய்சூக்கின் அழுத்த விகிதம் 10.4 (கீழ் முனையில் வாயுவுக்குள்ள இடம் மேல் முனையில் உள்ளதைப் போல் 10.4 மடங்கு). அதன்படி மேல் முனையில் இருந்த இடத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் இடம் இப்போது திறந்திருக்கிறது. இறுக்கிப் பிடித்த கலவை தளர்ந்துபோய்விட்டது. தளர்ந்ததை எரித்தால் அழுத்தம் ஏறாது, பாதி எரியும்போதே எக்ஸாஸ்ட் வால்வு திறந்து வெளியே போய்விடும். ஆகவே சமரசம்: அழுத்தத்தின் உச்சம் மேல் முனை தாண்டி 12 முதல் 16 பாகைக்குள் வர வேண்டும். அப்போது பிஸ்டன் 1.3 மி.மீ. சுமார்தான் இறங்கியிருக்கும், நெம்பும் பிறந்துவிட்டது.

அப்புறம் ஏன் ஸ்பார்க் மேல் முனைக்கு முன்னாலேயே அடிக்கிறது?

எரிய நேரம் வேண்டும், அதற்காக. 8,500-இல் 30 பாகை கடக்க 0.6 மில்லிநொடிதான் ஆகிறது. சுடர் அறை முழுவதும் பரவி உச்ச அழுத்தம் முந்தைய பதிலில் சொன்ன இடத்தில் வர, முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். சுற்று கூடக் கூட இன்னும் முன்னால். அதிகமாக முன்னால் போனால் ஏறிவரும் பிஸ்டனையே அழுத்தம் எதிர்க்கும், நாக் (சுடர் வருமுன்னே மீதிக் கலவை தானாகப் பற்றி அடிக்கும் சத்தம்) வரும், பிஸ்டன் தலை பொத்துப்போகும்.

பிளாக் ஏன் ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்கிறது? மேலே ஏன் ஒரு வரம்பு விழுகிறது?

இரண்டு வேறு காரணங்கள். பக்கத் தேய்மானம் கான்ராட் சாய்வதால். சாய்ந்த தண்டு வழியாக விசை இறங்கும்போது ஒரு பங்கு பிஸ்டனைச் சுவரோடு அழுத்துகிறது. முழு த்ராட்டிலில் அது 80 கிலோ எடை அளவுக்குப் போகும். எரியும் ஸ்ட்ரோக்கில் எப்போதும் ஒரே சுவர். அழுத்தும் ஸ்ட்ரோக்கில் எதிர்ச்சுவர், ஆனால் விசை மிகக் குறைவு. எனவே ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகிவிடுகிறது.

மேல் வரம்பு வேறு கதை. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்பதற்கு ஓட்டம் வேண்டும். மேல் முனையில் வேகம் பூஜ்யம், படலம் மெலிந்துவிடும். சூடும் வாயு அழுத்தமும் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். மேல் ரிங் திரும்பும் கோட்டில் சுவர் தேய்கிறது, அதற்கு மேல் ரிங் படாத இடம் அப்படியே நிற்கிறது. பழைய பிளாக்கை எடுத்து நகத்தை உள்ளிருந்து மேலே இழுத்தால் விளிம்புக்குச் சற்றுக் கீழே ‘டக்’ என்று இடிக்கும். நகம் இடித்தால் புது ரிங் மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். போரை அளக்காமல் ரிங் மாற்றுவது காசுக்குக் கேடு.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக், சூடானதும் சத்தம் போய்விடுகிறது. கான்ராடா?

பெரும்பாலும் பிஸ்டன் தட்டல். பக்க அழுத்தம் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மாறுவது மேல் முனையில். அலுமினியப் பிஸ்டன் குளிரில் கொஞ்சம் சிறியது, இடைவெளி அதிகம், அதனால் சுவர் மாறும்போது தட்டுகிறது. சூடானதும் விரிந்து அடங்கிவிடும். சூடான பிறகும் சத்தம் நிற்காவிட்டால், சுமை கொடுக்கும்போது கூடினால், அப்போது கான்ராட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

இந்தத் தட்டலைக் குறைக்கவே பல இஞ்சின்களில் பிஸ்டன் பின்னை நடுவில் வைக்காமல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு பக்கம் தள்ளி வைப்பார்கள். அப்போது பிஸ்டன் ஒரேயடியாகச் சாயாமல் மெதுவாகச் சுவர் மாறும். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறியையோ ‘இன்’ என்ற எழுத்தையோ பார்த்து மாட்டச் சொல்வதற்கு, வால்வுப் பள்ளங்களோடு இதுவும் ஒரு காரணம்.

பிளாக் 62 போடலாமா, ஜெக் ஏத்தலாமா? எது இஞ்சினுக்குக் கெடுதல்?

ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி இல்லாமல் சாலையில் ஓட்டினால் இரண்டும் குற்றம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் மட்டும் என்றால்: 57-க்குப் பதில் 62 பிளாக் போட்டால் 177 சிசி. ஸ்ட்ரோக் மாறவில்லை, பிஸ்டன் வேகமும் மாறவில்லை. ஆனால் பிஸ்டன் பெரிதாகி எடை கூடும், இழுவை விசை அந்த அளவுக்கு நேராகக் கூடும்.

ஜெக் ஏற்றுவது என்பது கிராங் பின்னை வெளியே தள்ளுவது. 2 மி.மீ. தள்ளினால் ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடும். மேலே 2, கீழே 2. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், பிஸ்டன் ஹெட்டில் இடித்த பிறகு வருகிறார்கள். ஸ்ட்ரோக் 62.7, கொள்ளளவு 160 சிசி. அதே கான்ராட், அதே சுற்று என்றால் மேல் முனை இழுவை சுமார் 8 சதவீதம் கூடும். கான்ராட் சாய்வு கூடுவதால் பக்கத் தேய்மானமும் ஏறும்.

ஆனால் இந்த வேலைகளோடு சேர்த்து லிமிட்டரையும் தூக்குகிறார்களே, அதுதான் ஆளைக் கொல்வது. 8,500-இலிருந்து 10,000-க்குப் போனாலே இழுவை 38 சதவீதம் கூடுகிறது. என் கருத்தைக் கேட்டால், பிளாக்கிலும் ஜெக்கிலும் கைவைத்தவன்கூடச் சுற்றை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

கான்ராடை நீளமாக்கினால் பவர் கூடுமாமே?

பவர் கூடும் அளவுக்கு எதுவும் நடக்காது. 3.5 மடங்கை 4 ஆக்கினால் மேல் முனை முடுக்கம் 3 சதவீதம் குறையும், பக்க அழுத்தமும் கொஞ்சம் குறையும். பதிலுக்கு இஞ்சின் உயரமாகும், கான்ராட் எடை கூடும். இன்னொரு குழப்பம்: சிலர் கான்ராட் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்து 1.75 என்பார்கள், சிலர் கிராங் ஆரத்தால் வகுத்து 3.5 என்பார்கள். இரண்டும் ஒரே இஞ்சின்தான்.

என் கப்சாய் கைப்பிடியே நடுங்குகிறது. 1.3 மைவி அவ்வளவாக நடுங்கவில்லை. ஏன்?

ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்டனுக்கு எதிராக ஓட இன்னொரு பிஸ்டன் இல்லை. கிராங்கில் எதிர் எடை வைக்கலாம், ஆனால் அது சுற்றுகிறது, பிஸ்டனோ ஒரே கோட்டில் ஓடுகிறது. பிஸ்டன் முழுவதையும் சமன்செய்யும் எடை வைத்தால் மேல்கீழ் நடுக்கம் பக்கவாட்டு நடுக்கமாக மாறும். ஆகவே பாதி சுமாருக்கு வைத்து, நடுக்கத்தை இரு திசைக்கும் பங்கிட்டு விடுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட சுற்றில் கைப்பிடி அதை எதிரொலித்தால் கை மரத்துப்போகும்.

மைவியின் நாலு சிலிண்டரில் இரண்டு ஏறும்போது இரண்டு இறங்கும். முற்றிலும் சமன் என்று தோன்றும். ஆனால் முடுக்கக் கேள்வியில் பார்த்தபடி, மேல் முனையில் இருப்பவற்றின் விசையும் கீழ் முனையில் இருப்பவற்றின் விசையும் சமமில்லை. அந்த 0.29 மிச்சம் நாலு பிஸ்டனிலும் ஒன்றுசேர்ந்து, சுற்றுக்கு இரண்டு தடவை இஞ்சினை உலுக்குகிறது. சிறிய இஞ்சினில் ரப்பர் மவுண்டிங்கே அதை விழுங்கிவிடும். பெரிய நாலு சிலிண்டர்களுக்காக, இரட்டை வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் சமன் தண்டுகளை லான்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யோசித்துவிட்டார். 1970-களில் மிட்சுபிஷி அதைப் பரவலாக்கியது. ஆக்சியா காரின் மூன்று சிலிண்டரில், சுற்றுக்கு ஒரு தடவை வரும் விசையும் இரண்டு தடவை வரும் விசையும் கழிந்துவிடும், ஆனால் முன்னும் பின்னும் மாறி மாறித் தூக்குவதால் இஞ்சின் தலையாட்டும். 

கப்பல் இஞ்சின் நிமிடத்துக்கு நூறு சுற்று, அந்தக் காலத்து எஃப்1 பந்தயக் கார் பதினெட்டாயிரம். கப்பல் அவ்வளவு சோம்பேறியா?

சராசரி பிஸ்டன் வேகத்தைப் பாருங்கள். 2006-இல் எம்மா மேர்ஸ்க் கப்பலில் ஏறிய வார்ட்சிலா இஞ்சினின் ஸ்ட்ரோக் 2.5 மீட்டர், 102 ஆர்.பி.எம். மூன்றாம் கேள்வியின் கணக்கைப் போட்டால் நொடிக்கு 8.5 மீட்டர். ஒய்சூக்கு 16.6. செப்பாங் பந்தயத் தடத்தில் 18,000 சுற்றில் அலறிய 2.4 லிட்டர் வி8 எஃப்1 கார்களின் ஸ்ட்ரோக் 40 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு, வேகம் 24 சுமார். சுற்றில் 170 மடங்குக்கு மேல் வித்தியாசம், பிஸ்டன் வேகத்தில் மூன்று மடங்குகூட இல்லை.

காரணம் இது. ஒரு இஞ்சினின் எல்லா அளவையும் இரட்டிப்பாக்கி, சுற்றைப் பாதியாக்குங்கள். பிஸ்டன் வேகம் அதேதான். பிஸ்டனின் எடை எட்டு மடங்கு, முடுக்கம் பாதி, ஆகவே விசை நாலு மடங்கு. கான்ராடின் குறுக்குப் பரப்பும் நாலு மடங்கு. ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு தாங்க வேண்டிய சுமை மாறவே இல்லை. உலோகத்துக்கு ஆர்.பி.எம். தெரியாது, பிஸ்டன் வேகம்தான் தெரியும். கப்பல் இஞ்சின் மாதக்கணக்கில் ஓட வேண்டியது, அதனால் 8.5-இல் நிற்கிறார்கள். எஃப்1 இஞ்சினுக்குச் சில பந்தயங்களே ஆயுள், அதனால் 24 வரை போனார்கள்.

பெரிய இஞ்சின் மெதுவாகவே சுற்ற முடியும் என்பதால் லிட்டருக்குக் கிடைக்கும் பவர் குறைந்துகொண்டே போகும். அந்தக் கப்பல் இஞ்சின் 14 சிலிண்டர், சுமார் 25,000 லிட்டர், 80,000 கிலோவாட். லிட்டருக்கு 3 கிலோவாட் சொச்சம். ஒய்சூக்கு 0.15 லிட்டரில் 11.3 கிலோவாட் தருகிறது, லிட்டருக்கு 75.